பேரேட்டின் கடைசிப் பக்கங்கள்

சுண்ணாம்பிலிருந்து எடுத்துச் சதை நீக்கிய தோலை டிரம்மில் ஏற்றும் முன் எடை போடுவோம். உப்பு இத்தனை சதவீதம், அமிலம் இத்தனை, குரோம் இத்தனை என்று எல்லாமே அந்த எடையை வைத்துத்தான். அதே பிளாட்பாரத் தராசில்தான் வஸ்தாதுவையும் நிறுத்துகிறோம். முன்னங்கால் இரண்டையும் ஏற்றிவிட்டுப் பின்னங்காலைத் தரையிலேயே ஊன்றிக்கொண்டு, வேறு யாரையோ எடை போடுவதுபோல அந்தப் பக்கம் பார்க்கும். வாட்ச்மேன் பெரியவர் முழங்காலைக் கொடுத்துத் தள்ளி, "ஏறுடா, உன்ன இன்னா டிரம்லயா போடப் போறோம்" என்பார். சிவப்பு எண்கள் 37க்கும் 39க்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கும். 38 என்று எழுதிக்கொள்வேன். நான் இங்கே கணக்கு. பேரேட்டின் கடைசிப் பக்கங்கள் நாயுடையவை.

எடை எதற்கென்றால், பூச்சி மாத்திரை பெரும்பாலும் 10 கிலோவுக்கு ஒன்று. இந்த உடம்புக்கு நான்கு வேண்டும். நாய் எவ்வளவு பெரிதானாலும் ஒரே மாத்திரையைத் தயிர்சோற்றில் புதைத்துக் கொடுத்துவிட்டு, மருந்தே சரியில்லை என்கிறவர்கள் ஆம்பூரில் நிறைய. அவர்களில் பாதிப்பேர் தோல் தொழிலில் இருப்பவர்கள். டிரம்முக்குக் குரோமைக் கண்ணளவாகப் போடுவார்களா?

*

"இன்னா ஜாதி நாய் சார் இது?"

லாரி டிரைவரிலிருந்து ஆடிட்டர் வரை வாசலில் முதல் கேள்வி இதுதான். தாய் குடியாத்தம் பக்கத்து வெள்ளை நாய். நீண்ட மூக்கு, ஒட்டிய வயிறு, இளஞ்சிவப்பு மூக்கு நுனி, ராஜபாளையத்து ரத்தம் எங்கோ கலந்தது. தகப்பன் ஒரு ரைஸ் மில் அல்சேஷன் என்று சொன்னார்கள். காதில் ஒன்று நிற்கும், ஒன்று மடிந்திருக்கும். தகப்பனுக்கு அதைவிடச் சாட்சி இல்லை. இந்தத் தொழிலில் கூலிக்கு வருகிறவரின் சாதியை வெளிப்படையாகக் கேட்கக் கூச்சப்படுகிற ஊரில் நாயிடம் அந்தக் கூச்சம் யாருக்கும் இல்லை.

2005இல் அஞ்சல் துறை நாலு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு நிறுவனம் முதன்முதலாகப் பதிவு செய்த மூன்று நாயினங்களில் இரண்டு நம்முடையவை, ராஜபாளையமும் சிப்பிப்பாறையும். மூன்றாவது கர்நாடகத்து முதோல். கிராஸுக்குத் தபால்தலையும் இல்லை, பதிவும் இல்லை. ஆனால் தடை என்று வந்தால் மட்டும் கிராஸுக்கு இடம் உண்டு. மார்ச் 2024இல் ஒன்றிய அரசு 23 வகை நாய்களை ஆபத்தானவை என்று பட்டியலிட்டு, அவற்றின் இறக்குமதி, வளர்ப்பு, விற்பனையை நிறுத்தச் சொன்னபோது, அவற்றின் கலப்பினங்களும் என்று சேர்த்தே எழுதியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் சிறுமியை ராட்வைலர்கள் குதறிய பிறகு நம் மாநிலமும் அதே பட்டியலைத் தடை என்று அறிவித்துவிட்டுப் பின்வாங்கியது. அல்சேஷன் அந்தப் பட்டியலில் இல்லை, நமக்குக் கவலையில்லை. ஆனாலும் ஒற்றைக் காது மடிந்த ஒரு நாயை நிறுத்தி, இதன் பாட்டன் எந்த நாட்டான் என்று எந்த டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தருவார்? கடிக்கிறதா இல்லையா என்பதைத்தான் கேட்க வேண்டும். அதற்கு நாயைவிட நாய்க்காரனைப் பார்த்தால் போதும்.

*

டேனரியில் நாய்க்கு என்ன வேலை? தோல் திருட்டு அவ்வளவாக இல்லை. ஊறின மாட்டுத் தோல் ஒன்றைத் தூக்கிப் பார்த்தவன் இரண்டாவதைத் தொட மாட்டான். போவதெல்லாம் மோட்டார் செம்பு, கேபிள், பித்தளை வால்வு. அடுத்தது தெருநாய்க் கூட்டம்: கொட்டகைக்குள் புகுந்து உப்புத் தோலின் ஓரத்தைக் கவ்வி இழுத்துக்கொண்டு ஓடும். ஒரு பல் தடம் பட்டால் அந்தத் தோலுக்குத் தரம் இறங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் குரைக்கிற நாயும் எதற்கும் குரைக்காத நாயும் வாட்ச்மேனுக்கு ஒன்றுதான். வஸ்தாது லாரிக்கு இரண்டு குரல் கொடுத்துவிட்டுப் படுத்துவிடும். சுவர்ப் பக்கம் சத்தம் கேட்டால் குரைக்காமல் எழுந்து போகும். அங்கே போய்த்தான் வாய் திறக்கும். அந்த வித்தியாசம் பெரியவருக்குத் தூக்கத்திலும் தெரியும்.

காவல் நாயைப் பட்டினி போட்டால்தான் கோபம் வரும் என்று ஒரு நம்பிக்கை இந்த வட்டாரத்தில் உண்டு. பகலெல்லாம் கட்டிப்போட்டு, ராத்திரி வெறுவயிற்றோடு அவிழ்த்துவிடுவார்கள். பசித்த நாய் யார் கொடுத்தாலும் தின்னும். திருட வருகிறவன் ஒரு பொட்டலம் கொண்டுவந்தால் காவல் முடிந்தது. கடிக்கிற நாய் வேறு வகைத் தொல்லை. நாய்க்காரனின் அலட்சியத்தால் மனிதருக்குக் காயம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 291வது பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாசலில் 'நாய்கள் ஜாக்கிரதை' போர்டு மாட்டியிருந்தால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

*

முதலாளி பாய் அஞ்சு வேளைத் தொழுகைக்காரர். வீட்டு வாசலில் நாயை நிறுத்த மாட்டார். டேனரியில் நிறுத்த ஆட்சேபணை இல்லை. வேட்டைக்கு, மந்தைக்கு, வயலுக்கு என்று வேலைக்காக வைக்கும் நாய்க்கு ஹதீஸிலேயே அனுமதி இருக்கிறது என்பது அவர் தரப்பு. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண்ணால், என்பதும் அதே மரபுதான். மாலிக்கி மத்ஹபில் நாயின் எச்சிலைக்கூட அசுத்தமாகக் கொள்வதில்லை, ஷாஃபியில் கண்டிப்பு அதிகம் என்று ஒருநாள் நெடுநேரம் விளக்கினார். கிராஸ் நாயை வைத்து எனக்கு ஃபிக்ஹு, அதாவது மார்க்கச் சட்டப் பாடம் நடந்தது.

இதனால் நாய்க்கு ஒரு நன்மை. அதன் தட்டு, அதன் வாளி, அதன் சாக்கு எல்லாமே தனி. யாரும் கலப்பதில்லை. சுத்தத்தில் அக்கறை உள்ளவர்கள் நாயை ஒதுக்கிவைத்த வரிசையிலேயே நாயின் சாமான்களும் ஒழுங்காகிவிட்டன. என் சொந்தக்காரர்கள் வீட்டில் நாய் சோபாவில் படுக்கும், ஆனால் அதற்கென்று ஒரு தண்ணீர்க் கிண்ணம் கிடையாது.

சாயப் பிரிவில் வேலை செய்யும் பையன் ஒருவன் அதை வஸ்தாது என்று கூப்பிடுவதில்லை. 'கித்மீர்' என்பான். குகையில் தூங்கியவர்களுக்குக் காவலாக வாசலில் கால் நீட்டிப் படுத்திருந்த நாயைப் பற்றிக் குர்ஆனில் வருகிறது. அதன் பெயர் கித்மீர் என்பது மரபு. வஸ்தாது இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்க்கும். சாப்பாட்டு நேரமானால் எந்தப் பெயருக்கும்.

*

இந்த ஊரில் நாயை வளர்ப்பது என்றால் அதன் வாயைக் காப்பது. மற்ற ஊர்களில் நாய்க்குத் தின்னக் கிடைக்காதது கவலை. இங்கே மூக்கு போகிற திசையெல்லாம் தோலும் ஜவ்வும் எலும்பும். நாயின் கணக்கில் ஆம்பூர் மொத்தமும் சாப்பாடு.

உப்புத் தோல்: பச்சைத் தோல் கெடாமலிருக்க அதன் எடையில் பாதிக்குக் கிட்டத்தட்ட உப்பு போடுவார்கள். ஓரத்தை வெட்டிப் போட்ட துண்டை நாய் மென்றால் உள்ளே போவது இறைச்சியைவிட உப்பு. முதலில் தாகம், வாந்தி. அளவு மீறினால் நடை தள்ளாடும், வலிப்பு வரும்.

சுண்ணாம்பு, சல்பைடு: தோலிலிருந்து சுரண்டிய சதை ஜவ்வு இரண்டிலும் ஊறி வந்தது. வாய், தொண்டை, குடல் எல்லாம் வெந்துவிடும். காலில் பட்டாலும் விரலிடுக்கு புண்ணாகும். ஈரத் தரையில் நடந்த நாயை உடனே குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டும், அது நக்கிச் சுத்தம் செய்துகொள்வதற்கு முன்.

நீலத் தூள்: குரோம் ஏற்றிய தோலை மெல்லிதாக்கும்போது பறக்கும் சீவல். வாசனைக்கு நாய் வருவதில்லை என்றாலும் அந்தக் குவியல் மெத்தென்று இருப்பதால் அதன்மேல் படுக்கும். படுத்து எழுந்து உடம்பை நக்கும். அதனால்தான் சாக்கு.

இதில் ஒரு வேடிக்கை. சுண்ணாம்பில் ஊறிய மாட்டுத் தோலைக் குறுக்கே இரண்டாகப் பிளந்தால் மேற்பகுதி ஷூவுக்குப் போகிறது. அடிப்பிளவைக் கழுவி, உலர்த்தி, முறுக்கி எலும்பு வடிவத்தில் முடிச்சுப் போட்டால் அது வெளிநாட்டு நாய்களுக்கான மெல்லும் சாமான். கடைகளில் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். இங்கே தோலுக்குப் பக்கத்தில் வந்தால் 'போடா' என்று துரத்துகிறோம். கழுவாததற்கும் கழுவியதற்கும் நடுவில் ஒரு தொழிலே இருக்கிறது. கழுவியதையும் பெரிய துண்டாக விழுங்கினால் குடல் அடைக்கும்; மருத்துவமனைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

*

பிரியாணி.

கல்யாண மண்டபத்திலிருந்து மீந்தது வாளியில் வரும். அன்பாகத்தான் கொண்டுவருகிறார்கள், மறுக்கத்தான் முடியவில்லை. சீரக சம்பா அரிசியில் தவறில்லை. வெங்காயம்தான் விஷம். நாயின் சிவப்பணுக்களை அது உடைத்துவிடும். உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் போனால் ரத்தப் பரிசோதனையில் பாதிப்பு தெரியும் என்பது கணக்கு. 38 கிலோவுக்கு 190 கிராம். பிரியாணியில் போட்டது, கத்திரிக்காயில் போட்டது, பச்சடியில் போட்டது என்று சேர்த்துப் பாருங்கள். வேக வைத்தாலும் வறுத்தாலும் விஷம் குறையாது. அன்று ராத்திரி ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், அதற்குள் பிரியாணியை எல்லாரும் மறந்திருப்பார்கள். வெந்த எலும்பு வேறு ஊசி ஊசியாகச் சிதறும்.

நாங்கள் கொடுப்பது கேழ்வரகுக் களி, மாட்டிறைச்சிக் கடையில் கழித்த கொழுப்பில்லாத துண்டு, போட்டி, பரங்கிக்காய். மாட்டிறைச்சி விஷயத்தில் இந்த ஊர் நாய் கொடுத்துவைத்தது; சென்னையில் இருக்கிறவர்கள் பாக்கெட் உணவுக்குக் கொடுக்கும் காசில் இங்கே பாதி டேனரிக்குச் சமைக்கலாம். உப்பு இல்லாமல் வேகவைக்கச் சொன்னதும் பெரியவருக்குக் கோபம். "உப்பு இல்லாம எவன் தின்னுவான் தம்பி? பத்தியமா?"

காலையில் பாதி, மாலையில் பாதி. மார்பு ஆழமான பெரிய நாய் ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடினால் இரைப்பை உப்பி, முறுக்கிக்கொள்ளும். வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வராது. எச்சில் வழியும், வயிற்றைத் தட்டினால் மேளச் சத்தம் கேட்கும், நின்ற இடத்தில் நிற்காது. அப்புறம் சில மணி நேரம்தான், அதற்குள் அறுவை சிகிச்சை மேஜையில் இருக்க வேண்டும். சோடா கொடுக்கிறேன், ஓமத் தண்ணீர் கொடுக்கிறேன் என்று உட்காரக் கூடாது. இதை வாட்ச்மேன் அறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேன், பக்கத்தில் ஆட்டோக்காரர் நம்பர்.

*

தண்ணீர். வஸ்தாது கேன் தண்ணீர்தான் குடிக்கிறது. கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். பாலாற்றங்கரைக் கிணறுகளில் உப்பு ஏறிய கதையைச் சிரிக்காமல் சொல்லத் தெரிந்தவர்களும் அவர்கள்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் டேனரிக் கழிவை எதிர்த்து 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 28 ஆகஸ்ட் 1996இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பு சொன்னது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கிய தீர்ப்பு. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். சட்டக் கல்லூரிகளில் வேலூரின் பெயரை அப்படித்தான் தெரிந்துகொள்கிறார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்து இத்தனை வருடமாயிற்று. பழைய கிணற்றுத் தண்ணீரை மாட்டுக்குக் காட்டினால் இன்னமும் முகர்ந்துவிட்டு நகர்கிற இடங்கள் இருக்கின்றன. நாய் நகராது. தாகமெடுத்தால் எதையும் குடிக்கும்.

அதனால் யார்டில் மூன்று இடத்தில் வாளி. காலியாக இருந்தால் கழிவு வாய்க்காலுக்குப் போகும். இதற்கு மேல் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை.

*

31 ஜனவரி 2015. ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் விடியலுக்கு முன் உடைந்தது. சேறு பக்கத்து டேனரிக்குள் பாய்ந்து, அங்கே தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள்.

ராத்திரி டேனரியில் தங்குகிற யாரும் அதை மறக்கவில்லை. சுவருக்கு வெளியிலிருந்து வருகிற ஆளுக்காகத்தான் நாய் வைக்கிறோம், விளக்கு போடுகிறோம், முள்கம்பி கட்டுகிறோம். தொட்டியைப் பார்த்துக் குரைக்க எந்த நாயையும் பழக்க முடியாது; அதைப் பார்க்கச் சம்பளம் வாங்குகிறவர்கள் வேறே.

*

தோலும் நாயும் சம்பந்தப்பட்ட பழைய கணக்கு ஒன்று. சுண்ணாம்பு நீக்கிய தோலை மெதுமெதுப்பாக்க ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காகப் பயன்பட்டது நாய் விட்டை. வெந்நீரில் கரைத்து, தோலை அதில் அமுக்கிவைப்பார்கள். ஹென்றி மேஹ்யூ 1851இல் லண்டன் ஏழைகளைப் பற்றி எழுதியபோது, தெருவில் அதைப் பொறுக்கிப் பெர்மாண்ட்ஸி டேனரிகளுக்கு விற்றுப் பிழைத்தவர்களைப் பார்த்திருக்கிறார். ஒரு வாளி 8 முதல் 10 பென்ஸ், நல்ல சரக்குக்கு அதற்கு மேலும். கையுறைத் தோலுக்கு அதுதான் உயர்ந்தது.

வேலை செய்தது அதிலிருந்த செரிமான நொதிகள். ஓட்டோ ரோம் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அதைப் புரிந்துகொண்டு, விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைத் தூளாக்கி விற்க 1907இல் ஓட்டோ ஹாஸுடன் சேர்ந்து கம்பெனி தொடங்கினார். டேனரிகளிலிருந்து விட்டை வாளி போயிற்று. இன்று நம் ஸ்டோரில் பையில் இருக்கும் பேட்டிங் பவுடர் அந்த வம்சம்தான். பெரியவரிடம் இதைச் சொன்னேன். யார்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இப்ப எவனாவது வாங்குறானா சொல்லு, காலையில நானே பொறுக்கித் தரேன்" என்றார்.

*

அதே ஐரோப்பாவில் இன்னொரு டேனரி. கிழக்குப் பிரான்சில் ஆர்புவா என்ற சின்ன ஊரில் தோல் பதனிட்டுப் பிழைத்தவர் ஒருவரின் மகன் லூயி பாஸ்டர். வெறிநாய் கடித்த ஒன்பது வயது ஜோசப் மைஸ்டருக்கு 6 ஜூலை 1885இல் முதல் ஊசி போடவைத்தவர். நம் பக்கம் குன்னூரில் அவர் பெயரில் நிலையம் வந்தது 1907இல். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பெரியவர்கள் சொல்லும் கதை ஆட்டு மூளையில் தயாரித்த பழைய மருந்தின் காலத்தது. அது போய் இருபது வருடமாகிறது. இப்போது அரசு மருத்துவமனையில் கையில்தான், தோலுக்குள்: கடித்த நாள், 3, 7, 28. அதற்கும் முன்னால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித் தூள் எதுவும் வேண்டாம்.

2024இல் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடி சுமார் 4.8 லட்சம், ரேபிஸ் மரணம் 43. இந்த நோய்க்கு அறிகுறி தெரிந்த பிறகு ஏறத்தாழ வைத்தியமே இல்லை, வருமுன் காக்க மட்டும் நிச்சயமான வழி இருக்கிறது. அதனால்தான் அந்த 43 பெரிய எண்.

இனி நம் யார்டு. காவல் நாய்க்கு ஊசி யார் போடுவது? முதலாளி வாட்ச்மேனைக் கைகாட்டுவார், வாட்ச்மேன் சூப்பர்வைசரை, சூப்பர்வைசர் 'அது பொது நாய்தானே' என்பார். இந்த வட்டாரத்து வேலை நாய்களின் நிலைமை பெரும்பாலும் இதுதான். சோறு போடப் பத்துப் பேர், சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அரக்கோணத்துக்குப் பக்கத்தில் தக்கோலத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4வது படையணி இருக்கிறது. அங்கே மோப்ப நாய்க்கு இன்னார் என்று ஒரு கையாள் உண்டு, மருத்துவப் பதிவேடு உண்டு. இடிந்த கட்டடத்தில் ஆள் தேடும் நாய்க்கும் செம்புக் கம்பி காக்கும் நாய்க்கும் ரேபிஸ் ஒன்றுதான். வருடாந்தர ஊசியை நான் 'பராமரிப்பு' தலைப்பில் எழுதினேன், டிரம் பேரிங்குக்கு அடுத்த வரியில். ஆடிட்டர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வைத்திருக்கிறேன்.

ராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது என்பதும் இங்கே எழுத வேண்டியது. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க்கு மாட்டுத் தடுப்பூசி தயாரிக்கும் இடம். பச்சைத் தோல் தொடுகிறவர்களின் கைக்கும் மூச்சுக்கும் வரக்கூடிய நோய் அது. நாய்க்கு அவ்வளவு சீக்கிரம் வராது. பயம் மனிதருக்குத்தான்.

*

கழுத்துப்பட்டை. ஷூ மேல்பாகம் தைக்கும் ஷெட்டிலிருந்து ஒருவர் வெட்டுத் துண்டில் செய்து கொடுத்தது: ஒன்றரை அங்குல அகலம், இரட்டை மடிப்பு, பித்தளைக் கொக்கி, நாலு ரிவிட். முதலில் குரோம் தோலில் செய்தார். நனைந்தாலும் மென்மையாகவே இருந்தது, ஆனால் இழுக்க இழுக்க நீண்டது. இரண்டாவது ஆவாரம்பட்டைப் பாணியில் தாவரப் பதம் செய்த தோல்; முதல் மாதம் விறைப்பு, அப்புறம் கழுத்தின் வடிவத்துக்கே வந்துவிட்டது. மழையில் நனைந்தால் நிழலில் உலர்த்தி விளக்கெண்ணெய் தடவ வேண்டும்.

குரோம் தோலில் பயப்படுவது மூன்றாம் நிலைக் குரோமியத்துக்கு அல்ல, அது ஆறாம் நிலைக்கு மாறினால்தான். மனிதத் தோலில் படும் பொருட்களில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 1 மே 2015 முதல் விற்க முடியாது. அந்த ஒரு எண்ணுக்காக இங்கே எத்தனை பேர் ராத்திரி தூங்காமல் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். நாயின் கழுத்துக்கு அந்தச் சட்டம் இல்லை. இரண்டு விரல் நுழைய வேண்டும், அவ்வளவுதான்.

*

மலையோரத்தில் சிறுத்தை. ஜூன் 2024இல் திருப்பத்தூர் நகரத்துக்குள்ளேயே ஒன்று புகுந்து பள்ளி வளாகம் வரை போனது. அந்த டிசம்பரில் கே.வி.குப்பம் பக்கம் ஒரு சிறுத்தை ஒரு பெண்ணைக் கொன்றது. மலையடிவாரக் கிராமங்களில் ஆட்டுக்கு முன்னால் காணாமல் போவது நாய்தான். சிறுத்தைக்கு நாய் பிடித்த உணவு. எத்தனை பெரிய நாயானாலும் கழுத்தில் ஒரு பிடி. இமயமலை இடையர்கள் தங்கள் பெரிய நாய்களுக்கு இரும்பு முள் வைத்த பட்டை போடுவார்கள். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் அப்படி ஒன்று செய்து தர முடியுமா என்று நம் தையல்காரரிடம் கேட்டு வந்தார். ராத்திரி கொட்டகைக்குள் அடைப்பதுதான் நல்லது என்றேன். அடைத்த நாய் எப்படிக் காவல் காக்கும் என்றார். குரல் கேட்குமே.

*

உண்ணி. சுவர் வெடிப்பில், கதவுச் சந்தில், சாக்கு மடிப்பில். நாயில் பார்ப்பது கொஞ்சம், சுவரில் இருப்பது மிச்சம். மண்ணெண்ணெய் தடவுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம். சாப்பாடு மறுத்து, காய்ச்சலடித்து, மூக்கில் ரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சல். டாக்சிசைக்ளின் நாலு வாரம், தேறியதுபோல் தெரிந்ததும் நிறுத்தக் கூடாது.

ஆண் நாய் சுவர் தாண்டி நெடுஞ்சாலைக்குப் போவது ஒரே காரணத்துக்கு. வளர்ச்சி முடிந்ததும் கருத்தடை செய்தோம். 'வீரம் போயிடும்' என்றார்கள். போகவில்லை. சென்னை–பெங்களூர் சாலைதான் போயிற்று அதன் வாழ்க்கையிலிருந்து.

*

சித்திரை. வேலூர் நாற்பதைத் தாண்டி எத்தனை என்று செய்தியில் சொல்லும் மாதம். தோல் உலர்த்தும் களத்துச் சிமெண்டில் புறங்கையை வைத்து ஏழு எண்ணுங்கள். முடியாவிட்டால் நாயை அதில் நடத்தாதீர்கள். அல்சேஷன் வழி வந்த உள்முடியை வெயிலுக்காக மொட்டையடிக்கக் கூடாது, அதுவே அதற்குக் குடை. சீப்பு போட்டுக் கழிந்த முடியை எடுத்தால் போதும். ஈரச் சாக்கு, மின்விசிறிக் காற்று, வயிற்றிலும் உள்ளங்காலிலும் தண்ணீர். நாய்க்குச் சாதாரண உடல் சூடே 101 முதல் 102.5 பாரன்ஹீட். 105 போனால் ஆபத்து: ஈறு செங்கல் நிறமாகும், எச்சில் பிசினாகும்.

ராத்திரி வேலை செய்கிறது, பகலில் தூங்கவேண்டும் என்பது யாருக்கும் உறைப்பதில்லை. ஷிஃப்ட் மாறும் பையன்கள் ஆளுக்கொரு முறை தட்டி எழுப்பிக் கை கொடுக்கச் சொல்கிறார்கள். நைட் டூட்டி பார்த்துவிட்டு வந்தவனை அப்படி எழுப்பினால் சும்மா இருப்பானா?

*

பின்னங்கால் எழும்போது இழுக்கிறது. பெரிய நாய்க்கு ஏழு எட்டு வயதே கிழவயது. இடுப்பு மூட்டு அல்சேஷன் பக்கத்துச் சொத்து. எடை 38ஐத் தாண்டவிடாதீர்கள் என்றார் டாக்டர். களியைக் குறைத்தாயிற்று. பின் சுவர்ச் சுற்று இனி அதற்கு வேண்டாம், வாசல் மட்டும்.

பாயிடம் சொன்னேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும்பா, இன்னொண்ணு பாரு" என்றார். "கூட இருந்து கத்துக்கும்." பெரியவர் அதற்குள் கீழ்ப்பட்டியில் ஒரு குட்டியைப் பேசி வைத்திருக்கிறார். என்ன ஜாதி என்று நான் கேட்கவில்லை. தாயைப் பார்த்தீர்களா, யார் பக்கத்தில் போனாலும் பாய்கிறதா என்று கேட்டேன். அது அவருக்குப் பிடித்தது.

அக்னி நட்சத்திரத்துக்கு முன்: பெரிய வாளி ஒன்று. புதுச் சாக்கு ஆறு. விளக்கெண்ணெய். வருடாந்தர ஊசி. உண்ணி மருந்து, சுவருக்கும் சேர்த்து. குட்டிக்குத் தனித் தட்டு, வஸ்தாது தன்னுடையதைத் தராது.